லேப்–ஷெப்பர்டு கலப்புக் குட்டிக்கு 22,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: மதுரையில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். பிள்ளைகளோடு நன்றாகப் பழகும் பெரிய நாய் ஒன்று வளர்க்க ஆசை. லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் கலந்த குட்டி ஒன்றுக்கு ஒரு விற்பனையாளர் 22,000 ரூபாய் சொல்கிறார். ஆண் குட்டி என்றால் 2,000 கூடுதல். 'தாய், தகப்பன் இரண்டுக்கும் கேசிஐ பேப்பர் இருக்கிறது, டபுள் போன், கலப்பு என்பதால் நோயே வராது' என்கிறார். 5,000 ரூபாய் முன்பணமும் கேட்கிறார். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் இதே கலப்பில் 35 நாள் குட்டிகள் இருக்கின்றன. அவர்கள் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை, தானாக நடந்துவிட்டது. 3,000 ரூபாய் கொடுத்தால் போதும், இன்றே எடுத்துப் போங்கள் என்கிறார்கள். 'விலை கூடினால்தான் குட்டி தரமாக இருக்கும்' என்கிறார் என் கணவர். எனக்கு 3,000 ரூபாய்க் குட்டியே போதும் என்று தோன்றுகிறது. யார் சொல்வது சரி?
— வாசகி, மதுரை

பதில்:

22,000 ரூபாய் வேண்டாம். அதற்காக 3,000 ரூபாயைக் கொடுத்து இன்று மாலையே அந்த 35 நாள் குட்டியைத் தூக்கி வந்துவிடவும் வேண்டாம். உங்கள் இருவரில் நீங்கள்தான் சரியான விடைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். நடுவில் மூன்று வாரப் பொறுமையும் ஒரு தடுப்பூசி அட்டையும்தான் பாக்கி.

உங்கள் கணவர் சொல்வது கலப்பில்லாத இனக் குட்டிக்கு ஓரளவு பொருந்தும். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, அதாவது கேசிஐ, பதிவு செய்த குட்டிக்கு மூன்று தலைமுறைப் பேர் தெரியும். எவ்வளவு உயரம் வளரும், ரோமம் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம். பேப்பருக்குத் தரும் கூடுதல் பணம் அந்த உத்தரவாதத்துக்குத்தான். இரண்டு இனம் கலந்த குட்டிக்கு கேசிஐ பேப்பர் கிடையாது. தாய்க்கும் தகப்பனுக்கும் இருக்கும் பேப்பர் குட்டிக்கு இறங்காது. அந்தப் பேப்பரைக் காட்டி விலை ஏற்றுவது, அப்பாவின் பட்டத்தைச் சொல்லிப் பிள்ளைக்கு வேலை கேட்பது போலத்தான். 'குட்டிக்கும் பேப்பர் வாங்கித் தருகிறேன் சார்' என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

பேப்பர் இல்லாத இடத்தில் விலையை எது தீர்மானிக்கிறது? வாங்க வருபவரின் முகம்தான். காரில் வந்தால் ஒரு விலை, பைக்கில் வந்தால் ஒரு விலை. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. லேப்ரடாரையும் பூடிலையும் சேர்த்து 'லேப்ரடூடில்' என்ற கலப்பைப் பிரபலமாக்கியவர் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்கள் வளர்க்கும் ஒரு சங்கத்தில் இருந்த வாலி கான்ரன். 1989-இல் ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கோ நாய் ரோமம் ஒவ்வாமை. அதற்காகத்தான் இந்தச் சேர்க்கை. பிறந்தவை மூன்று குட்டிகள். அவற்றில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளே இப்படி மாறுபட்டன என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. பேர் மட்டும் பரவி, கலப்புக் குட்டிகளை இன நாய்களைவிடக் கூடுதல் விலைக்கு விற்கும் வியாபாரம் உலகம் முழுக்கக் கிளம்பியது. இதைத் தொடங்கி வைத்ததற்காக வருந்துவதாகக் கான்ரனே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்.

'கலப்பு என்றால் நோய் வராது' என்பதில் பாதி உண்மை இருக்கிறது. சில பரம்பரைக் கோளாறுகள் இன நாய்களில்தான் அதிகம். ஆனால் பெரிய நாய் வாங்கும் உங்களுக்கு முக்கியமானது இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் சரியாக உட்காராமல், வளர வளரத் தேய்ந்து நொண்ட வைக்கும் கோளாறு அது. ஹிப் டிஸ்பிளேசியா என்போம். லேப்ரடாருக்கும் இது உண்டு, ஷெப்பர்டுக்கும் உண்டு. இரண்டு பக்கமும் அதே பலவீனம் இருக்கும்போது கலப்பதால் அது எங்கே போய்விடும்? கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 27,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பு மூட்டுக் கோளாறு இன நாய்களிலும் கலப்பு நாய்களிலும் வித்தியாசமில்லாமல்தான் இருந்தது. அதனால் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறீர்களா? படத்தைப் பார்க்கலாமா?" நம் ஊரில் பத்தில் ஒருவர்கூட எடுத்திருப்பாரா என்பது சந்தேகம். எடுத்து, மருத்துவர் எழுதிய அறிக்கையும் வைத்திருக்கிறார் என்றால் அவருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கூட்டிக் கொடுக்க நானே சொல்வேன். அது உண்மையான செலவு, உண்மையான அக்கறை.

டபுள் போன் என்று மருத்துவத்தில் எதுவும் கிடையாது. தடித்த கால் உள்ள குட்டியை அப்படிச் சொல்லி விற்கிறார்கள். சில சமயம் அந்தத் தடிப்பு முட்டியில் வீக்கமாக இருக்கும், அதையும் சேர்த்து விற்பார்கள்.

சரி, நியாயமான விலை என்ன? கலப்புக் குட்டிக்குச் சந்தை விலை பார்க்காதீர்கள், ஆன செலவைப் பாருங்கள். எட்டுக் குட்டிகள் உள்ள ஓர் ஈற்றை எடுத்துக்கொள்வோம். சினையாக இருக்கும் கடைசி மாதம் தாய்க்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தீனி வேண்டும், பால் கொடுக்கும்போது இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட ஆகும். ஸ்கேன், மருத்துவர் கட்டணம் எல்லாம் சேர்த்துத் தாய்க்கு மொத்தம் 12,000 ரூபாய் என்றால் குட்டிக்கு 1,500 விழுகிறது. நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை குட்டி தின்னும் தீனி 1,500. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து 200. முதல் தடுப்பூசி, மருத்துவர் கட்டணத்தோடு 800. ஆக 4,000 ரூபாய். ஆண் நாய்க்குப் பணம் கொடுத்துச் சேர்த்திருந்தால் குட்டிக்கு ஓர் ஆயிரம் சேருங்கள். இரண்டு மாதம் மலம் அள்ளி, இரவில் எழுந்து பார்த்த உழைப்புக்கு 2,000. இதெல்லாம் தோராயக் கணக்குதான், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனாலும் 7,000, மிஞ்சினால் 8,000. இடுப்பு எக்ஸ்ரேயும் இருந்தால் 10,000. அதற்கு மேல் அவர் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எதற்கு என்று சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. 22,000-க்கு அவரால் சொல்ல முடியாது.

இப்போது அடுத்த தெருக் குட்டிக்கு வருகிறேன். 3,000 என்பது மலிவாகத் தெரிவதற்குக் காரணம், மேலே சொன்ன செலவில் பாதி இன்னும் நடக்கவில்லை. 35 நாளில் கொடுத்துவிட்டால் தடுப்பூசியும் தீனியும் உங்கள் தலையில். அதுகூடப் பரவாயில்லை. பெரிய சிக்கல், குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே வரும் காலம் இது. அது முழுக்கத் தீர்வதற்குள் போடும் ஊசி சரியாகப் பிடிக்காது, தீர்ந்தபின் ஊசி இல்லாமல் விட்டால் பாதுகாப்பே இருக்காது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறாவது வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். பார்வோ கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய நான்கைந்து நாளிலிருந்து ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். வாங்கும் நாளன்று துள்ளி விளையாடும் குட்டி அடுத்த வாரம் சாப்பாட்டை விடும், வாந்தி எடுக்கும், ரத்தம் கலந்து நாறும் பேதி போகும். டிரிப்ஸ் ஏற்றி ஐந்தாறு நாள் வைத்துப் பார்த்தால் தனியார் மருத்துவமனையில் செலவு பத்தாயிரத்தைத் தாண்டும். அப்படியும் எல்லாக் குட்டியும் பிழைப்பதில்லை. பிள்ளைகள் அதற்குள் பேர் வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, எட்டு வாரம்வரை குட்டி தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். விளையாட்டில் அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுபோகும். எவ்வளவு அழுத்தலாம் என்று குட்டி கற்பது அங்கேதான். ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில், பின்னாளில் 30 கிலோ எடை வரப்போகும் நாய்க்கு இந்தப் பாடம் தப்பக் கூடாது. வணிகமாக நாய் வளர்த்து விற்பவர்களுக்கு இது சட்டமும்கூட. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். 22,000 கேட்பவரிடம் அந்தப் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். பேச்சு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கவாவது கேளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். அடுத்த தெருக்காரரிடம் போய், "அக்கா, குட்டி எங்களுக்குத்தான். இன்னும் மூன்று வாரம் உங்களிடமே இருக்கட்டும். தீனிக்கும் புழு மருந்துக்கும் ஊசிக்கும் ஆகும் செலவு எங்களுடையது" என்று சொல்லுங்கள். 3,000 ரூபாயோடு அந்தச் செலவு 2,500 சேர்ந்து 5,500 ஆகும். அவர்களுக்கும் மகிழ்ச்சி, மற்ற குட்டிகளுக்கும் அதே நாளில் ஊசி போட்டுவிட ஒரு சாக்கு. தானாக நடந்த சேர்க்கை என்கிறார்களே, தகப்பன் ஷெப்பர்டுதானா என்பது தாய்க்கே வெளிச்சம். நீங்கள் கொடுக்கும் விலைக்கு அது பெரிய விஷயமில்லை. அடுத்த ஈற்றுக்குள் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள் என்றும் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

இந்த மூன்று வாரத்தில் இரண்டு மூன்று தடவை போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. முதலில் பார்க்க வேண்டியது தாயை. குட்டியின் பக்கத்தில் போனால் எழுந்து முகர்ந்து பார்த்துவிட்டு அமைதியாகப் படுக்கிறதா, அல்லது மூலையில் ஒடுங்கி உறுமுகிறதா? குட்டி போட்ட முதல் இரண்டு வாரம் உறுமினால் பரவாயில்லை. ஆறாவது வாரத்திலும் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே உறுமினால் அந்த ஈற்றை விட்டுவிடலாம். 'தாய் இங்கே இல்லை, தோட்டத்தில் இருக்கிறது, குட்டியை பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்து வருகிறேன்' என்று யாராவது சொன்னால் அந்தக் குட்டி 500 ரூபாய்க்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

குட்டியைக் கையில் எடுத்ததும் வயிற்றைத் தடவிப் பாருங்கள். விலா தெரிய, வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தால் புழு. தொப்புளில் மெத்தென்று சின்னக் கோலி அளவு புடைத்திருந்தால் குடலிறக்கம். சின்னதாக இருந்தால் பயமில்லை, கருத்தடையின்போதே தைத்துவிடலாம், ஆனால் விலையில் குறைக்கச் சொல்லலாம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தச் சோகை, பெரும்பாலும் புழுவாலோ உண்ணியாலோ வந்திருக்கும். காது மடலின் உள்பக்கமும் கால் விரல் இடுக்கும் உண்ணி ஒளியும் இடங்கள். வெறும் தரையில் நடக்கவிட்டுப் பின்னங்காலைக் கவனியுங்கள். முயல் மாதிரி இரண்டு காலையும் சேர்த்துத் தாவிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் முடிவெடுக்காதீர்கள்.

தடுப்பூசி அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஊசி மருந்துக் குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டுவோம். அதில் மருந்தின் பேர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண் உள்ள முத்திரையும் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லாமல் நீலப் பேனாவில் 'பப்பி டிபி (குட்டிகளுக்கான முதல் தடுப்பூசி) போட்டாச்சு' என்று மட்டும் எழுதியிருந்தால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 800 ரூபாயையும் விலையில் கழித்துவிடுங்கள்.

உங்கள் கணவரிடம் காட்ட வேண்டிய இன்னொரு கணக்கு இருக்கிறது. வாங்கும் விலை ஒருநாள் செலவு. பெரிய நாய்க்கு மற்ற எல்லாம் கிலோக் கணக்கில் வரும். தடுப்பூசி மட்டும் பொமரேனியனுக்கும் ஷெப்பர்டுக்கும் ஒரே அளவு. தீனி, புழு மாத்திரை, உண்ணி மாத்திரை, கருத்தடைக்கான மயக்க மருந்து எல்லாம் எடையைப் பார்த்துத்தான். வளர்ந்தபின் 30, 35 கிலோ வரும் என்று வையுங்கள். கடைத் தீனி மட்டும் என்றால் மாதம் 10 முதல் 12 கிலோ வேண்டும், நான்காயிரம் ஐந்தாயிரம் ஆகும். வீட்டில் சோறு, கோழி, முட்டை, காய் என்று கலந்து போட்டால் குறையும். முதல் வருடத்தில் தீனிக்கு 40,000, மீதி ஊசிகளுக்கு 2,500, புழுவுக்கும் உண்ணிக்கும் 6,000, கருத்தடைக்கு 9,000, சங்கிலி, கூண்டு, பாத்திரம் என்று 4,000 போட்டால் 60,000 ரூபாயைத் தாண்டுகிறது. 22,000 ரூபாயையும் குட்டிக்கே கொடுத்துவிட்டு, உண்ணி மாத்திரையில் மிச்சம் பிடிப்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனையும் டிரிப்ஸும் போடும்போதுதான் கணக்கு புரியும். கைக்காசு குறைவு என்றால் அரசு கால்நடை மருத்துவமனையைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். இடுப்பு எக்ஸ்ரே போன்றவற்றுக்குத் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

மிச்சம் பிடிக்க ஒரு வழி நான் சொல்கிறேன்: கால்சியம் டானிக் வாங்காதீர்கள். பெரிய நாய்க் குட்டி என்றதும் கடைக்காரர் முதலில் எடுத்துத் தருவது அதைத்தான். பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கும் தீனியில் தேவையான கால்சியம் அளவோடு இருக்கிறது. அதற்கு மேல் ஊற்றினால், வேண்டாததை உடம்பு உறிஞ்சாமல் தடுக்கும் சக்தி சின்னக் குட்டிக்குக் கிடையாது. எலும்பும் மூட்டும் கோணலாக வளர அதுவே காரணமாகும். முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் போடப் போகிறீர்கள் என்றால் மட்டும், எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்குங்கள்.

ரோமமும் நிறையக் கொட்டும். லேப், ஷெப்பர்டு இரண்டுக்கும் உள்ரோமம் உண்டு. மதுரை வெயிலில் மாமியார் தினமும் கூட்ட வேண்டியிருக்கும். அவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், குட்டி வந்தபின் கேட்டுப் பயனில்லை.

அடுத்த தெரு ஈற்று சரிப்படவில்லை, அந்த விற்பனையாளரிடமே போக வேண்டியிருக்கிறது என்றால், 8,000-த்தில் நில்லுங்கள். 'நேற்றே ஒருத்தர் 25 கேட்டார்' என்பார். அவருக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள். கலப்புக் குட்டி நான்கு மாதம் ஆனபின் விற்காது என்பது அவருக்கும் தெரியும், தீனிச் செலவு தினமும் ஏறும். முன்பணம் ஆயிரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில் குட்டியின் பிறந்த தேதி, அடையாளம், விலை, வாங்கிய மூன்று நாளுக்குள் மருத்துவர் பரிசோதித்துக் குறை சொன்னால் முழுப்பணத்தோடு குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒரு வரி, ஒரு வாரத்துக்குள் பார்வோ வந்தால் சிகிச்சைச் செலவில் பாதி அவருடையது என்று இன்னொரு வரி, கீழே இருவர் கையெழுத்து. நேர்மையானவர் போடுவார்.

ஆண் குட்டிக்கு 2,000 கூடுதல் என்கிறாரே, அதைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. எப்படியும் கருத்தடை செய்யத்தான் போகிறீர்கள். இந்தக் கலப்பில் பெண் நாய் நான்கைந்து கிலோ குறைவாக வளரும், ஐந்து வயதுப் பிள்ளையும் மாமியாரும் பிடித்துக்கொள்ள அதுவே தோது. தீனியும் கொஞ்சம் குறையும்.